கொண்டையூசி வளைவும் கூடவரும் பாட்டும்

சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் பெருஞ்சாலையைக் கள்ளக்குறிச்சியில் விட்டு, கச்சிராயப்பாளையத்தைக் கடந்து, கோமுகி அணையின் நீர்ப்பரப்பைக் கண்ணால் பருகிய கையோடு கல்வராயன் மலையேறும் மோட்டார் சைக்கிள்காரன், வழித்துணையாக எந்தக் கருவியில் பாட்டு வைத்துக்கொள்வது என்று யோசிப்பது இன்று அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அந்த யோசனைக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்தார்களின் ஆதிக்கத்திலிருந்த இம்மலையை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது 1976இல்தான். அதற்குமுன் இம்மலைவாழ் பழங்குடிகளான மலையாளி மக்களின் பிரயாணம் பெரும்பாலும் கால்நடையே. பாட்டும் நடப்பவன் வாயிலிருந்து வந்ததே. 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 புறப்பட்டு, சாமானியனுக்கும் இரண்டு சக்கரம் வாய்த்தபோது, தோலுறையிட்ட டிரான்சிஸ்டர் ரேடியோவும் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு வண்டியேறியது. அந்த ரேடியோவுக்கு அஞ்சலகத்தில் பணம் கட்டி லைசென்ஸ் பெறவேண்டியிருந்த காலமும் அப்போதுதான் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது.

மலையோ ரேடியோவுக்கு இசையவில்லை. 936 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையில் திருச்சி வானொலி எவ்வளவு கம்பீரமாக ஒலித்தாலும், டிரான்சிஸ்டருக்குள் கிடக்கும் கரிய ஃபெரைட் தண்டு, நிலையத்துக்குக் குறுக்காக இருக்கையில் அலையை நன்றாகவும், அதன் முனை நிலையத்தை நோக்குகையில் மிகச் சொற்பமாகவும் வாங்கும் சுபாவமுடையது. ஆகவே வண்டி ஒரு கொண்டையூசி வளைவில் முழுதாகத் திரும்பும்போது, பாட்டு எங்கோ ஓரிடத்தில் மூச்சடங்கி, மறுபடி உயிர்பெற்று எழும். பல்லவியைக் கீழ்ச்சாலையிலும் அநுபல்லவியை மேற்சாலையிலும் கேட்பதென்பது இதுதான் போலும்! போதாக்குறைக்கு, என்ஜினின் ஸ்பார்க் பிளக் வெடிக்கும் ஒவ்வொரு பொறியும் ஒரு சிறு ரேடியோ அலையைக் கிளப்பி, கரகரப்பைப் பக்கவாத்தியமாக்கிவிடும். பிளக் மூடியில் ஒரு ரெசிஸ்டர் வைத்தால் அது தணியும். அந்நாளில் அதை அறிந்த மெக்கானிக்குகள் சிலரே. பழைய புல்லட்டின் 6 வோல்ட் பேட்டரியும் நான்கு டார்ச் செல்களின் மொத்த பலமும் ஒன்றாயிருந்த பொருத்தத்தைக் கண்டு, அதிலிருந்தே ரேடியோவுக்கு ஒயர் இழுத்தவர்களுக்கு அக்கரகரப்பு ஒயர் வழியாகவும் வந்து சேர்ந்தது.

பிலிப்ஸ் கம்பெனி 1963இல் வெளியிட்ட கேசட், வானலையின் தயவை நாடாத காரணத்தால் மலைக்கு உகந்ததாயிற்று. ரெக்கார்டிங் கடையில் பாட்டுப் பட்டியலைக் கொடுத்துப் பதிவு செய்தவர்களில் விவரமறிந்தோர் 90 நிமிட நாடாவைத் தவிர்த்து 60 நிமிடத்தையே கேட்டனர். நீளத்துக்காக மெல்லியதாக்கப்பட்ட 90, குலுக்கலில் எளிதில் சிக்குண்டு, பென்சிலைச் செருகிச் சுற்றும் தண்டனையைத் தந்தது. 1979இல் சோனி வெளியிட்ட முதல் வாக்மேனில் இருவர் சேர்ந்து கேட்க இரண்டு துளைகளும், அழுத்தினால் வெளியுலகச் சத்தத்தை உள்ளே விடும் ஆரஞ்சுநிறப் பொத்தான் ஒன்றும் இருந்தன. பின்னிருக்கைத் துணைக்கும் எதிர்வரும் பஸ்ஸுக்கும் ஒருங்கே இடமளித்த அந்தப் புத்தியை, பின்வந்த காதொலிக் கருவிகள் நெடுங்காலம் மறந்தேயிருந்தன என்பது என் குறை.

பிறகு செல்போன் கடைகளில் மெமரி கார்டில் நூற்றுக்கணக்கான பாட்டுகளை ஏற்றித் தந்தார்கள். செல்போன் சமிக்ஞை எட்டாத மலைமடிப்பிலும் அது பாடியது. இப்போது தலைக்கவசத்துக்குள் புளூடூத் ஒலிப்பெட்டியே அமைந்துவிட்டது. பெருஞ்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் தலைக்கவசத்தினுள் காற்றிரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுவதால், அங்கே பாட்டைக் கூட்டக்கூட இரைச்சலோடு இரைச்சலாகக் காதுதான் தேயும். மலைப்பாதையிலோ வேகமே குறைவு, காற்றும் அடங்கிவிடுகிறது, வண்டியின் டேங்க் பையில் வைத்த சிறு ஒலிப்பெட்டி சன்னமாகப் பாடினாலே போதும். கரும்பு டிராக்டர்கள் சமவெளியில் ஊருக்கே கேட்கப் பாட்டு வைத்துப் போகும் பழக்கத்தை மலைக்கு ஏற்றாதிருப்பதும் நல்லதே.

கல்வராயனின் வெள்ளிமலைப் பாதையில் நான் கைக்கொள்வது இன்னும் சிக்கனமானது: வளைவுக்கு முன் பாட்டை நிறுத்தி, ஹாரனை அடித்து, பதில் ஹாரன் கேட்கிறதா என்று ஒரு கணம் செவிசாய்ப்பது. மேலிருந்து பஸ் இறங்கி, என்னைக் கடந்து, அதன் டீசல் நாற்றம் ஓய்ந்த பிறகே விட்ட அடியிலிருந்து பாட்டு தொடரும்.