சாவி இல்லாமல் சாவி கொடுத்தல்

நாள்தோறும் நாம் புழங்கும் சில சொற்றொடர்களைச் சற்றே நின்று கவனித்தால், அவற்றுக்குள் ஒரு வரலாறு உறங்கிக் கொண்டிருப்பது புலப்படும். 'கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தல்' அத்தகைய ஒன்று. நம் தந்தையரும் பாட்டனாரும் காலையில் எழுந்ததும், கைக்கடிகாரத்தின் பக்கவாட்டிலிருந்த சிறு குமிழைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பற்றி இருபது முப்பது முறை திருகியதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அதைத்தான் 'சாவி கொடுப்பது' என்றோம். ஆனால் அங்கே சாவி எங்கே இருந்தது?

சுவர்க்கடிகாரத்துக்குத் தனிச் சாவி உண்டு, அந்த வழக்கு இதற்கும் வந்தது என்று அமைதி காணலாம். எனினும், சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளும் கடிகாரங்களுக்கும் ஒரு காலத்தில் மெய்யாகவே தனிச் சாவி இருந்தது. ஓராண்டு ஈராண்டல்ல, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் இருந்தது. அது எவ்வாறு மறைந்தது, அதை மறையச் செய்தவர் யார், முதலில் கண்டுபிடித்த நாடு ஏன் கடைசியில் பின்தங்கியது என்பவற்றையே இக்கட்டுரையில் காணவிருக்கிறோம்.

16ஆம் நூற்றாண்டில் பைக்கடிகாரம் தோன்றியது முதல், அதன் உயிர்நாடி உள்ளே சுருண்டிருக்கும் எஃகுச் சுருள்வில்தான். அதை இறுக்குவதற்கு ஒரு சிறு நாற்கோண முனை உண்டு. கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்து, அம்முனையின் மீது சாவியைப் பொருத்தித் திருக வேண்டும். நேரத்தைத் திருத்த வேண்டுமானால் வேறொரு முனை; பெரும்பாலும் அது முள்களின் நடுவே, முகப்பில் இருக்கும். அதற்குக் கண்ணாடியையும் திறந்தாக வேண்டும். திறக்குந்தோறும் தூசி உள்ளே போகும். தூசி எண்ணெயோடு கலந்தால் அச்சுகள் தேயும். கை தவறினால் சாவி முள்ளை வளைக்கும். சில கடிகாரங்களுக்கு வலப்புறமும் சிலவற்றுக்கு இடப்புறமும் திருக வேண்டியிருந்ததால், திசை தவறி உறுப்புகளை உடைத்தவர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, சாவி தொலைந்து போகும். ஒருவர் கடிகாரத்தின் சாவி மற்றவர் கடிகாரத்துக்குப் பொருந்தும் என்ற உறுதியும் இல்லை. கனவான்கள் கடிகாரச் சங்கிலியிலேயே சாவியையும் கோத்துத் தொங்கவிட்டது அழகுக்காக மட்டுமன்று.

இத்தனை தொல்லைகள் இருந்தும் மூன்று நூற்றாண்டுகள் ஏன் எவரும் அதை ஒழிக்கவில்லை? இக்கேள்விக்கு விடை சாவியில் இல்லை. அது பொருந்திய இடத்தில் இருக்கிறது.

சுருள்வில்லுக்கு ஓர் இயற்கைக் குறை உண்டு. முழுதும் இறுகியிருக்கும்போது அது வலுவாக இழுக்கும். தளரத் தளர இழுவை குறையும். விசை மாறினால் பழங்காலக் கடிகாரத்தின் ஓட்டமும் மாறும். இதற்கு மாற்றாக வந்ததுதான் 'ஃப்யூஸி' என்னும் கூம்பு. கூம்பின் மேல் திருகு வடிவில் ஒரு பள்ளம் ஓடும். அதில் மிக நுண்ணிய சங்கிலி ஒன்று சுற்றியிருக்கும். சுருள்வில் வலுவாக இருக்கையில் சங்கிலி கூம்பின் குறுகிய முனையை இழுக்கும்; வில் தளர்ந்தபின் அகன்ற அடியை இழுக்கும். இவ்வாறு குறைந்த விசைக்கு நீண்ட நெம்பு கிடைக்கும். ஆகவே சக்கரங்களுக்குச் சென்று சேரும் விசை எப்போதும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். மனித அறிவின் அழகிய வெற்றிகளுள் ஒன்று என்றே இதைச் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த அழகிலேயே ஒரு தடையும் இருந்தது. ஃப்யூஸிக் கடிகாரத்தில் சாவி பொருந்தும் முனை, கூம்பின் அச்சே ஆகும். கடிகாரம் ஓடும்போதெல்லாம் கூம்பு மெல்லத் திரும்பிக் கொண்டேயிருக்கும். அதனோடு அம்முனையும் திரும்பும். சாவியை எடுத்துவிட்டால் சிக்கல் இல்லை. ஆனால் அந்த இடத்தில் நிரந்தரமாக ஒரு குமிழைப் பற்சக்கரங்களால் பிணைத்துவிட்டால், குமிழும் நாள் முழுதும் சட்டைப்பைக்குள் சுழன்றாக வேண்டும். துணி அதைத் தடுத்தால் கடிகாரம் நின்றுவிடும். திருகும்போது மட்டும் இணைந்து, பிறகு விலகும் தனிப் பொறியமைப்பு வேண்டும். அப்படியும் சிலர் செய்து பார்த்தனர். அவை சிக்கலாகவும் விலை மிகுந்தும் அமைந்தன. சுருங்கச் சொன்னால், சாவியை ஒழிக்க வேண்டுமானால் முதலில் ஃப்யூஸியைக் கைவிட வேண்டும்.

இங்கே இலக்கிய அன்பர்களுக்கு அறிமுகமான ஒருவர் வருகிறார். 'செவில் நகர நாவிதன்', 'ஃபிகாரோவின் திருமணம்' ஆகிய நாடகங்களை எழுதிய பிரெஞ்சு ஆசிரியர் பொமார்ஷே, இளமையில் கடிகாரத் தொழிலாளி. அப்போது அவர் பெயர் பியேர் ஒகுஸ்தேன் காரோன். 1750களின் நடுவில், மன்னரின் அன்புக்குரிய பொம்பதூர் சீமாட்டிக்கு அவர் மோதிரத்தில் அமைந்த ஒரு கடிகாரத்தைச் செய்து அளித்தார். அதற்குச் சாவி கிடையாது. முகப்பைச் சுற்றியிருந்த வளையத்தை விரல் நகத்தால் நகர்த்தினால் சுருள்வில் இறுகும் என்று அவரே எழுதியிருக்கிறார். அரசவைக்கான அருமையான விளையாட்டுப் பொருள். அதற்கு மேல் அது வளரவில்லை.

ஆனால் அதே பட்டறையில் பணியாற்றி, 1756ல் காரோனின் சகோதரியரில் ஒருவரை மணந்த ழான் அந்த்வான் லெப்பீன் என்பவர், இன்னும் ஆழமான ஒன்றைச் செய்தார். 1760களின் நடுவில் அவர் வகுத்த புதிய அமைப்பில் ஃப்யூஸியும் இல்லை, சங்கிலியும் இல்லை. சுருள்வில் அடங்கிய உருளையே நேரடியாகச் சக்கரங்களைச் சுழற்றியது. நீண்ட வில்லின் நடுப்பகுதிச் சுற்றுகளை மட்டும் பயன்படுத்தினால் விசை பெரிதும் மாறுவதில்லை என்பதே இவ்வமைப்பின் அடிப்படை. கடிகாரம் மெலிந்தது. அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்றும் நிகழ்ந்தது. இவ்வமைப்பில் உருளை சுழலும்; அதன் நடு அச்சோ, கொண்டி ஒன்றால் தடுக்கப்பட்டு அசையாமல் நிற்கும். ஆகவே அந்த அச்சோடு ஒரு குமிழை நிரந்தரமாகப் பிணைப்பதில் இனி எந்தத் தடையும் இல்லை. லெப்பீன் சாவியை ஒழிக்கவில்லை. ஆனால் சாவி ஒழிவதற்கான கதவைத் திறந்து வைத்தவர் அவரே.

அக்கதவின் வழியே முதலில் நுழைந்தவர் ஓர் ஆங்கிலேயர் என்பது இவ்வரலாற்றின் பெரிய முரண். எசெக்ஸ் பகுதியிலுள்ள சிக்வெல் என்னும் ஊரைச் சேர்ந்த தாமஸ் பிரெஸ்ட், புகழ்பெற்ற கடற்கடிகார வினைஞர் ஜான் ஆர்னால்டின் மகன் ஜான் ரோஜர் ஆர்னால்டிடம் பணிபுரிந்தவர். 1820ல் அவர், கடிகாரத்தின் தலைப்பக்கக் குமிழைத் திருகிச் சுருள்வில்லை இறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முள்களைத் திருத்த இன்னமும் சாவி வேண்டியிருந்தது. எனினும் பாதி வழி கடந்தாயிற்று. ஆர்னால்டு பட்டறையில் அத்தகைய கடிகாரங்கள் சில செய்யப்பட்டன. அத்துடன் நின்றது.

மீதிப் பாதியைக் கடந்தவர் அத்ரியன் ஃபிலிப். 1815ல் பிரான்சின் லா பசோஷ் குவே என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1842 அளவில், ஒரே குமிழால் வில்லை இறுக்கவும் முள்ளைத் திருத்தவும் வல்ல பொறியமைப்பை உருவாக்கினார். 1844ல் பாரிசில் நடந்த தொழிற்கண்காட்சியில் அதை வைத்தார். பதக்கம் கிடைத்தது, பாரிஸ் வணிகர்களின் ஆர்வம் கிடைக்கவில்லை. ஆனால் பார்வையாளர்களுள் ஒருவர் அதன் மதிப்பை உணர்ந்தார். அவர் அந்தோனி படேக். 1830ல் ரஷ்ய ஆட்சிக்கு எதிராக எழுந்த போலந்துக் கிளர்ச்சியில் போரிட்டு, தோல்விக்குப் பின் நாடிழந்து, 1839 முதல் செனீவாவில் கூட்டாளி ஒருவருடன் கடிகார நிறுவனம் நடத்தி வந்தவர். 1845ல் ஃபிலிப் அவரோடு இணைந்தார். அதே ஆண்டில் பிரெஞ்சுக் காப்புரிமையும் பெற்றார். 1851ல் நிறுவனத்தின் பெயரில் 'ஃபிலிப்' சேர்ந்தது. அவ்வாண்டு லண்டன் பளிங்கு மாளிகையில் நடந்த பெருங்கண்காட்சியில், இந்நிறுவனத்தின் நீலப் பூச்சிட்ட, சாவியில்லாத சிறு கடிகாரம் ஒன்று விக்டோரியா அரசியின் உடைமையானது. பிரெஸ்டின் நாட்டு அரசி, பிரெஸ்டின் கருத்தைச் செனீவாக்காரரிடமிருந்து பெற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று!

இப்பொறியமைப்பு இயங்கும் முறையைச் சிறிது விளக்குவோம். குமிழிலிருந்து கடிகாரத்துக்குள் ஒரு தண்டு செல்கிறது. தண்டின் ஒரு பகுதி நாற்கோணமானது. அதன் மேல், அங்குமிங்கும் நகரவல்ல ஒரு சிறு பற்சக்கரம் இருக்கிறது. இதன் ஒருபுறப் பற்கள் சரிவானவை. குமிழ் உள்ளே அழுந்தியிருக்கும்போது இச்சரிவுப் பற்கள் இறுக்கும் சக்கரங்களோடு இணைகின்றன; ஒரு திசையில் திருகினால் வில் இறுகும், எதிர்த்திசையில் திருகினால் பற்கள் வழுக்கிச் செல்லும். நாம் குமிழைத் திருகும்போது கேட்ட அந்த 'கிரிக் கிரிக்' ஓசையில் இவ்வழுக்கலுக்கும் கொண்டிக்கும் பங்குண்டு. குமிழை வெளியே இழுத்தால் நெம்பு ஒன்று அப்பற்சக்கரத்தை மறுபுறம் தள்ளும். இப்போது அது முள்களின் சக்கரங்களோடு இணையும். திசை தவறுமே என்ற பழைய அச்சமும் இத்துடன் ஒழிந்தது.

இவ்வடிவம் ஒருவர் கையில் ஒரே நாளில் முழுமை பெற்றதன்று. சுவிட்சர்லாந்தின் சூ பள்ளத்தாக்கைச் சேர்ந்த அந்த்வான் லெகூல்த்ர், 1847ல் பக்கவாட்டில் ஒரு பொத்தானை அழுத்தி இறுக்குதலுக்கும் திருத்துதலுக்கும் இடையே மாறும் எளிய முறையை அமைத்தார். அவருக்குக் காப்புரிமை இல்லை. சுவிட்சர்லாந்தில் 1888 வரை காப்புரிமைச் சட்டமே இல்லை. கண்டுபிடித்தவரின் பெருமைக்கு இது கேடு. ஆனால் கருத்து பட்டறைக்குப் பட்டறை தடையின்றிப் பரவுவதற்கு இதுவும் வாய்ப்பாயிற்று என்றே நமக்குத் தோன்றுகிறது. 1863ல் ஃபிலிப் சாவியில்லாக் கடிகாரங்கள் பற்றித் தனி நூலே எழுதி வெளியிட்டார்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். இங்கிலாந்து ஏன் தவறவிட்டது? அங்கே அறிவுக்குப் பஞ்சமில்லை. விசை மாற்றத்துக்கு அவ்வளவாக அசையாத நெம்புத் தப்பிப் பொறியை 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கண்டவர் தாமஸ் மட்ஜ் என்னும் ஆங்கிலேயரே. அதாவது, ஃப்யூஸி தேவையில்லை என்று ஆக்கிய கண்டுபிடிப்பும் அவர்களுடையதே. ஆனால் ஃப்யூஸியில் அவர்கள் உலகின் தலைசிறந்தவர்கள். கப்பல்களின் தீர்க்கரேகையை அறிய உதவிய கடற்கடிகாரங்களுக்கு அது மெய்யாகவே தேவைப்பட்டது. அங்கே பெற்ற பெருமையைச் சட்டைப்பைக் கடிகாரத்துக்கும் நீட்டித்துக் கொண்டனர். ஃப்யூஸி இல்லாதது நல்ல கடிகாரமன்று என்ற எண்ணம் தொழிலாளர் மனத்திலும் வாங்குவோர் மனத்திலும் ஊறிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் தடித்த, சாவியிட்டுத் திருகும் கடிகாரங்களை அவர்கள் நேர்த்தியாகச் செய்துகொண்டேயிருந்தனர். சந்தையோ சுவிஸ், அமெரிக்கக் கடிகாரங்களிடம் போயிற்று.

அந்த நேர்த்திக்குக் கொடுத்த விலை ஒன்றையும் இங்கே பதிவு செய்வது நம் கடமை. ஃப்யூஸியின் சங்கிலி குதிரைமயிர் பருமனே உள்ளது. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான கண்ணிகள். இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள கிறைஸ்ட்சர்ச் என்னும் சிற்றூரில் 1790 அளவில் ராபர்ட் காக்ஸ் என்பவர் இத்தொழிலை நிறுவினார். அக்கண்ணிகளைக் கோத்தவர்கள் பெண்களும் சிறுமியரும். அவ்வூர் ஏழையர் விடுதியிலிருந்த சிறுமியரும் அவர்களுள் அடங்குவர். கண் பார்வை கெடுவது அத்தொழிலின் உடன்பிறந்த கேடு. அவ்விடுதிக் கட்டடம் பின்னாளில் அருங்காட்சியகமாயிற்று. கனவான்களின் பைகளில் துல்லியமாக ஓடிய நேரத்துக்குப் பின்னால் அச்சிறுமியரின் கண்கள் இருந்தன. ஃப்யூஸி மறைந்தபோது ஓர் அழகு மறைந்தது உண்மை. ஒரு கொடுமையும் சேர்ந்தே மறைந்தது.

சாவியில்லா முறையும் குறையற்றதன்று. குமிழ் தற்செயலாக வெளியே இழுபட்டால், அறியாமலேயே நேரம் மாறிவிடும். 1891 ஏப்ரலில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் கிப்டன் என்னுமிடத்தில் இரு இரயில்கள் மோதிப் பலர் இறந்தனர். அதையடுத்து இரயில்வே ஊழியர் கடிகாரங்களைச் சீராக்கும் பணி வெப் பால் என்னும் கடிகார வணிகரிடம் ஒப்படைக்கப்பட்டது. வாரத்துக்கு 30 வினாடிக்கு மேல் பிழை கூடாது என்பன போன்ற கடுமையான விதிகள் வந்தன. பின்னர் இன்னொரு விதியும் சேர்ந்தது: குமிழால் வில்லை இறுக்கலாம், ஆனால் முள்ளைத் திருத்த, முகப்புக் கண்ணாடியைக் கழற்றி, ஓரத்தில் ஒளிந்திருக்கும் சிறு நெம்பை வெளியே இழுத்தாக வேண்டும். ஒழித்த சிரமத்தைப் பாதுகாப்புக்காக வேண்டுமென்றே திரும்ப அழைத்தனர். எந்த வசதியை ஏற்பது, எங்கே நிறுத்துவது என்பதை அறிவதும் ஓர் அறிவே.

இவ்வரலாற்றில் நாம் காண்பது இதுதான். புதியதைக் கண்டுபிடிப்பது ஒரு திறன். அதற்காகத் தாம் மிக நன்றாகச் செய்துவரும் ஒன்றைக் கைவிடுவது வேறொரு திறன். பிரெஸ்டின் நாட்டாருக்கு முதலாவது இருந்தது. லெப்பீனின் வழிவந்தோருக்கு இரண்டாவதும் இருந்தது.

நம் வீட்டுப் பரணிலோ பெட்டியிலோ தாத்தாவின் பழைய கடிகாரம் ஒன்று கிடக்கக்கூடும். கிடைத்தால் எடுத்து, காதருகே வைத்து, குமிழை மெல்லத் திருகிப் பாருங்கள். சாவி எப்போதோ போய்விட்டது. ஆனால் அக்கணம் நாம் செய்வதற்குத் தமிழில் இன்றும் ஒரே பெயர்தான்: சாவி கொடுக்கிறோம்.