படியில்லாத வாசல்

ஒரு வீட்டின் வாசலில் மூன்று படிகள் இருக்கின்றன. நடந்து ஏறுபவர் அவற்றை எண்ணிப் பார்ப்பதுகூட இல்லை. சக்கர நாற்காலியில் வருபவருக்கோ அவை மதிற்சுவருக்குச் சமம். தம் வீட்டைத் தமக்கேற்பத் திருத்திக்கொண்டாலும், அடுத்த வீட்டு விருந்துக்கு அவர் எப்படிப் போவார்?

இக்கேள்வியை எழுப்பியவர் அமெரிக்காவின் அட்லாண்டா நகரைச் சேர்ந்த எலினார் ஸ்மித். குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளை வாதத்துக்கு ஆளானவர். புதிதாகக் கட்டிய வீடுகளின் வரிசையொன்றைக் கடந்து சென்றபோது, ‘இவை அனைத்தையும் படியின்றியே கட்டியிருக்கலாமே!’ என்று அவருக்குத் தோன்றியது. 1987இல் ‘கான்கிரீட் சேஞ்ச்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அதன் கோரிக்கைகள் மூன்றே: படியில்லாத ஒரு வாசல், தரைத்தளக் கதவுகளில் 32 அங்குல வழி, அத்தளத்திலேயே ஒரு கழிப்பறை. வரும் விருந்தினர் உள்ளே நுழையவும், நடமாடவும், சங்கடமின்றி இருக்கவும் இவை போதும்.

படியை எப்படி நீக்குவது? மனையைச் சமன்செய்யும்போதே மண்ணை மென்சரிவாக உயர்த்தி, நடைபாதையைத் தளமட்டத்தோடு சேர்த்துவிடலாம். மழைநீர் உள்ளே புகாமல் சுற்றிலும் வெளிப்புறமாக வாட்டம் தரவேண்டும். கட்டும்போதே செய்தால் செலவு குறைவு. பின்னர் இடித்துத் திருத்தினால் பன்மடங்காகும். 1992இல் அட்லாண்டா நகராட்சி, தன் நிதியுதவி பெறும் புதிய வீடுகளுக்கு இவ்வசதிகளைச் சட்டமாக்கியது.

வீட்டுக்கு வீடு போய்வருவதையே உயிராகக் கொண்ட குடியிருப்பு முறையொன்று டென்மார்க்கில் முன்பே தோன்றியிருந்தது. கோபன்ஹேகனுக்கு வடக்கே சேட்டடாமன் என்னுமிடத்தில், 1972இல், 27 தனி வீடுகளும் ஒரு பொது இல்லமும் சேர்ந்து எழுந்தன. இம்முறை 1990களில் அமெரிக்காவில் பரவியது. அட்லாண்டாவை ஒட்டி அமைந்த ஈஸ்ட் லேக் காமன்ஸ் இவ்வகையைச் சேர்ந்தது. அதன் 67 வீடுகளுக்கும் படியில்லாமல் போகலாம். ஸ்மித்தும் அங்கே குடியேறினார். சக்கர நாற்காலி செல்லும் அதே வழியில் குழந்தையின் தள்ளுவண்டியும், இடுப்பெலும்பு முறிந்த பாட்டியும் எளிதில் செல்லலாம்.

‘இது யாரோ சிலருக்குத்தானே?’ என்று நீங்கள் கேட்கலாம். 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று விடை தருகிறது. புதிதாகக் கட்டும் ஒரு தனிவீட்டில், அதன் ஆயுளுக்குள் உடல் இயக்கத்தில் குறையுள்ள ஒருவரேனும் வசிப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 60. வந்துபோகும் விருந்தினரையும் சேர்த்தால் 91!

கட்டியவரைவிட வீட்டுக்கு ஆயுள் அதிகம். எனவே, இன்று நம் கால்களில் உள்ள வலுவை மட்டும் நம்பி வாசலை அமைப்பது அறிவுடைமை ஆகாது.