காவல் காரில் போட்ட துளை

ஒரு சாதாரணக் கார் எப்போது போலீஸ் கார் ஆகிறது? பெயிண்ட் அடித்து, கூரை மேல் சுழல் விளக்கு வைத்தால் போதும் என்றுதான் பலரும் நினைப்போம். உண்மையில் அமெரிக்காவில் ஒரு போலீஸ் கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போது அது பாதிக் கார்தான்! மீதிப் பாதி வேறொரு பட்டறையில் தயாராகிறது. சைரன், வயர்லெஸ், கம்ப்யூட்டர், துப்பாக்கி மாட்டும் தாங்கி, கைதிக்கும் ஓட்டுநருக்கும் நடுவே இரும்புத் தடுப்பு, வண்டியைச் சுற்றிலும் மின்னும் விளக்குகள் என்று இந்த எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் பட்டியல் மிக நீளமானது. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வயர் வேண்டும். வயர் போக ஒரு வழி வேண்டும். அந்த வழிக்காகப் போடப்படும் துளைதான் இந்தக் கட்டுரையின் கதாநாயகன்... இல்லை, வில்லன்!

தொடக்கமே எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்தான்

உலகின் முதல் போலீஸ் மோட்டார் வண்டி என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1899-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள ஆக்ரன் நகரில் ஓடியது. ஆச்சரியம் என்னவென்றால் அது பெட்ரோல் வண்டி அல்ல, மின்சார வண்டி. வேகம் மணிக்கு சுமார் 16 மைல். அதிலேயே விளக்கு, மணி, அடிபட்டவரைக் கிடத்த ஒரு ஸ்ட்ரெச்சர் எல்லாம் இருந்தன. ஆக, 'வண்டி மட்டும் போதாது, கூட நாலு சாமான் வேண்டும்' என்ற எண்ணம் முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது.

பெரிய மாற்றம் ரேடியோவுடன் வந்தது. 1928-ல் டெட்ராய்ட் போலீஸ் தன் ரோந்துக் கார்களில் ரேடியோ பொருத்தி வெற்றிகரமாகப் பயன்படுத்தத் தொடங்கியது. ஆனால் அது ஒருவழிப் பேச்சு. நிலையத்தில் சொல்வதைக் காரில் இருப்பவர் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. 1933-ல் நியூஜெர்சியின் பேயோன் நகரில் இருவழி ரேடியோ வந்தது. அந்தக் காலத்து ரேடியோ வால்வுகளால் ஆனது. பெட்டி பெரிது, எடை அதிகம், மின்சாரமும் நிறைய இழுக்கும். இருவழி ரேடியோவின் பெரிய பெட்டி டிக்கிக்குப் போனது, பேசும் கருவி மட்டும் டேஷ்போர்டுக்கு வந்தது. நடுவே வண்டியின் நீளத்துக்கு வயர். டிக்கி என்பது போலீஸ் காரில் சாமான் வைக்கும் இடம் மட்டுமல்ல, ஒரு எந்திர அறையாகவே மாறிவிட்டது.

கார் நிறுவனங்களும் இதைக் கவனிக்காமல் இல்லை. 1950-ல் ஃபோர்டு நிறுவனம் போலீசுக்கென்றே தனி 'பேக்கேஜ்' விற்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் ஷெவர்லேயும் டாட்ஜும் பின்தொடர்ந்தன. வலுவான எஞ்சின், கெட்டியான ஸ்பிரிங், பெரிய பிரேக், அதிக மின்சாரம் தரும் ஜெனரேட்டர் ஆகியவை தொழிற்சாலையிலிருந்தே வந்தன. ஆனால் சைரனும் விளக்கும் தடுப்பும் ஊருக்கு ஊர் மாறுபவை. ஒரு நகரம் நீல விளக்கு கேட்கும், இன்னொன்று சிவப்பு கேட்கும். ஆகவே அந்த வேலை வெளிப் பட்டறைகளிடமே இருந்துவிட்டது.

கிரவுன் விக்டோரியாவும் டிக்கியும்

1996-ல் ஷெவர்லே தன் கேப்ரிஸ் காரை நிறுத்தியதும் அமெரிக்கப் போலீஸ் என்றாலே ஃபோர்டு கிரவுன் விக்டோரியா என்று ஆனது. ஹாலிவுட் படம் பார்க்கும் எல்லோருக்கும் அந்தக் கார் தெரிந்திருக்கும். அந்தக் காரின் பெட்ரோல் டேங்க் பின் ஆக்சிலுக்குப் பின்னால், டிக்கியை ஒட்டி நின்றது.

அமெரிக்கக் காவலரின் வேலையில் ஒரு விசேஷ ஆபத்து உண்டு. நெடுஞ்சாலை ஓரத்தில் யாரையாவது நிறுத்தி விசாரிக்கும்போது அவருடைய கார் பின்பக்கத்தைக் காட்டியபடி நின்றுகொண்டிருக்கும். பின்னால் வருபவர் குடித்திருந்தாலோ தூங்கிவிட்டாலோ நெடுஞ்சாலை வேகத்திலேயே வந்து மோதுவார். அப்படி மோதி, டேங்க் ஓட்டையாகி, கார் தீப்பிடித்துக் காவலர்கள் இறந்த சம்பவங்கள் நடந்தன. 2001 மார்ச்சில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் ஒரு டாக்சி மோதித் தீப்பற்றிய காரில் இருந்த காவலர், கடும் தீக்காயங்களுடன் உயிர் தப்பினார். அதன் பிறகு விஷயம் நாடு முழுக்கப் பேசப்பட்டது.

டேங்கில் ஓட்டை எப்படி விழுந்தது? இரண்டு வழிகள் சொல்லப்பட்டன. ஒன்று, பின் ஆக்சில் பகுதியில் இருந்த போல்ட் போன்ற கூர்மையான பாகங்கள் டேங்கில் குத்தலாம். இது வடிவமைப்பு சார்ந்தது. மற்றொன்று, டிக்கியில் இருக்கும் கருவிகள் மோதலின் வேகத்தில் முன்னால் தள்ளப்பட்டு டேங்கில் குத்தலாம். இது வண்டி விற்ற பிறகு அதில் ஏற்றப்பட்டது சார்ந்தது.

மத்திய அரசின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2001 நவம்பரில் விசாரணை தொடங்கி, 2002 அக்டோபரில் 'குறைபாடு என்று சொல்ல முடியாது' என்று முடித்தது. அப்போது நடப்பில் இருந்த விதிப்படி பின்பக்க மோதல் சோதனை மணிக்கு 30 மைல் வேகத்தில்தான். அந்தச் சோதனையில் கார் தேறியிருந்தது. ஆனால் நெடுஞ்சாலையில் யாரும் 30 மைல் வேகத்தில் வந்து மோதுவதில்லையே! 2003 டிசம்பரில் அந்த விதி 50 மைல் வேகத்துக்கு உயர்த்தப்பட்டது.

விசாரணை முடிந்தாலும் ஃபோர்டு சும்மா இருந்துவிட முடியவில்லை. டேங்க் பக்கம் உள்ள கூர்மையான பாகங்களுக்குப் பிளாஸ்டிக் கவசம் கொடுத்தது. டிக்கியில் கருவிகளை ஒழுங்காக அடுக்க 'டிரங்க் பேக்' என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. 2005 மாடலிலிருந்து தீயணைப்பு ஏற்பாட்டையும் வழங்கியது. இந்த 'டிரங்க் பேக்' ஒரு முக்கியமான ஒப்புதல். காரை மட்டும் சோதித்தால் போதாது, காருக்குள் என்ன இருக்கிறது, அது எந்தத் திசையில் படுத்திருக்கிறது என்பதும் உயிர் விஷயம் என்று ஒரு நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

எக்ஸ்ப்ளோரரும் வாசனையில்லா விஷமும்

2011-ல் கிரவுன் விக்டோரியா உற்பத்தி நின்றது. அதன் இடத்தை எக்ஸ்ப்ளோரர் எஸ்.யூ.வி.யை அடிப்படையாகக் கொண்ட 'போலீஸ் இன்டர்செப்டர் யுட்டிலிட்டி' பிடித்தது. இப்போது ஆபத்து நெருப்பிலிருந்து புகைக்கு மாறியது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், கிறுகிறுப்பு, கடைசியில் மயக்கம். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு இது வந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

எக்ஸ்ப்ளோரரில் புகை வாசனை வருவதாகப் பொதுமக்களிடமிருந்து புகார்கள் குவிய, 2016 ஜூலையில் அதே பாதுகாப்பு நிர்வாகம் விசாரணை தொடங்கியது. 2017 ஜூலையில் அதை அடுத்த கட்டத்துக்கு உயர்த்தியபோது 2,700-க்கும் மேற்பட்ட புகார்கள் சேர்ந்திருந்தன. விசாரணை வரம்பில் வந்த வண்டிகள் 13 லட்சத்துக்கு மேல். அதே மாதம் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் போலீஸ் ஒரு துணிச்சலான முடிவெடுத்தது. தன்னிடம் இருந்த சுமார் 400 எக்ஸ்ப்ளோரர்களை ஒரே அடியாகச் சாலையிலிருந்து விலக்கியது. வண்டிகளில் பொருத்தியிருந்த அலாரங்கள் ஒலித்திருந்தன. பல காவலர்கள் உடல்நலக் குறைவைச் சொல்லியிருந்தார்கள்.

ஃபோர்டு தன் ஆய்வில் கண்டதாகச் சொன்னது இதுதான். போலீஸ் வண்டிகளில் விளக்கும் ரேடியோவும் பொருத்துவதற்காகப் பின்பக்கத்தில் துளை போட்டிருக்கிறார்கள், அந்தத் துளைகளைச் சரியாக அடைக்கவில்லை.

ஒரு சின்னத் துளை வழியாக எப்படிப் புகை உள்ளே வரும் என்று கேட்கலாம். ஏ.சி.யை உள்காற்றையே சுற்றவிடும் நிலையில் வைத்துவிட்டு ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து ஓட்டினால், காருக்குள் காற்றழுத்தம் வெளியைவிடக் குறையும். கார் வெளிக்காற்றை உறிஞ்சும். பின்பக்கத்தில் சந்து இருந்தால் அங்கேதானே சைலன்சர் இருக்கிறது! மேலும் வேகமாக முடுக்கும்போதுதான் எஞ்சினில் பெட்ரோல் அதிகம் கலந்து கார்பன் மோனாக்சைடும் அதிகம் வெளியேறும். சாதாரணக் குடும்பஸ்தர் எப்போதாவது அப்படி ஓட்டுவார். துரத்திப் பிடிப்பதே தொழிலாக உள்ளவர் தினமும் ஓட்டுவார்.

ஃபோர்டு செலவை ஏற்று போலீஸ் வண்டிகளின் பின்பக்கத்தை அடைத்தது. முடுக்கும்போது வெளிக்காற்று அதிகம் வரும்படி ஏ.சி. அமைப்பை மாற்றியது. பிறகு சாதாரண எக்ஸ்ப்ளோரர் உரிமையாளர்களுக்கும் இலவசப் பழுதுபார்ப்பு அறிவித்தது. இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. துளை போடாத வண்டிகளிலும் புகார் வந்ததே, அப்படியானால் முழுப் பழியையும் பட்டறைக்காரர் தலையில் போடலாமா? எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல் விட்ட போலீஸ் வண்டிகளும் விசாரணையில் பேசப்பட்டன. கடைசியில் 2023 ஜனவரியில், வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிடாமலேயே விசாரணை முடிக்கப்பட்டது. அதிக அளவு கார்பன் மோனாக்சைடு காணப்பட்டது, பின்பக்கம் அடிபட்ட வண்டிகளிலும் போலீசுக்காக மாற்றியமைத்து அடைப்பு சரியில்லாமல் போன வண்டிகளிலும்தான் என்று நிர்வாகம் சொன்னது. துளை பற்றிய குற்றச்சாட்டு உறுதியானது. ஆனால் அதற்கு ஆறரை ஆண்டுகள் ஆயின.

கண்ணுக்குத் தெரியாத மற்ற ஆபத்துகள்

துளை ஒன்றுதான் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம்.

ஏர்பேக்: மோதிய பிறகு கண் இமைக்கும் நேரத்துக்குள் விரிந்துவிடும். அது விரியும் பாதையில் ஒரு லேப்டாப்போ வயர்லெஸ் கருவியோ இருந்தால் அது காவலரின் முகத்தை நோக்கி எறியப்படும். காப்பாற்ற வந்த பையே கல்லெறிந்தது போல ஆகிவிடும். இரும்புத் தடுப்பைத் தவறாகப் பொருத்தினால் பக்கவாட்டு ஏர்பேக் விரியாமல் தடுக்கப்படலாம்.

மின்சாரம்: ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேரடியாக இழுத்த வயர், தகட்டின் கூர் விளிம்பில் உரசி உரசித் தோல் உரிந்தால் தீதான்.

எடை: ஏற்றும் ஒவ்வொரு கருவியும் பிரேக் தூரத்தையும் வளைவில் வண்டியின் நிலைத்தன்மையையும் பாதிக்கும்.

இவற்றுக்காகவே கார் நிறுவனங்கள் எங்கே துளைக்கலாம், எங்கே எதையும் பொருத்தக் கூடாது என்று படத்துடன் வழிகாட்டி நூல்கள் வெளியிடுகின்றன. பட்டறையில் அதைப் புரட்டிப் பார்க்கிறார்களா என்பதுதான் கேள்வி.

பொறுப்பு யாருடையது?

வணிகக் கண்ணால் பார்த்தால் விஷயம் எளிது. ஒரு பொருளை மூன்று பேர் சேர்ந்து தயாரிக்கிறார்கள். கார் நிறுவனம் பாதி செய்கிறது, பட்டறை மீதியைச் செய்கிறது, காவல்துறை அதன்மேல் தன் சாமான்களை ஏற்றுகிறது. ஆனால் முடிந்த பொருளை முழுதாகச் சோதித்துக் கையெழுத்துப் போடுபவர் யார்?

அமெரிக்கச் சட்டப்படி முதல் விற்பனைக்கு முன்பே காரை மாற்றியமைப்பவர் பாதுகாப்பு விதிகளுக்குச் சான்று தர வேண்டும். விற்ற பிறகு மாற்றினால் அந்தச் சான்று தேவையில்லை. 1974-ல் கொண்டுவந்த திருத்தம் ஒன்று, காரில் உள்ள பாதுகாப்பு அம்சத்தைச் செயலிழக்கச் செய்யக் கூடாது என்கிறது. அது நிறுவனம், டீலர், பழுதுபார்க்கும் கடை ஆகியோரைக் கட்டுப்படுத்தும். வண்டியின் சொந்தக்காரர் தானே செய்துகொண்டால் கட்டுப்படுத்தாது. பல நகரங்களில் காவல்துறைக்குச் சொந்தப் பணிமனை உண்டு. அங்கே போடும் துளையைக் கேட்க அந்தச் சட்டத்தால் முடியாது!

இதில் பணமும் இருக்கிறது. துளையை ரப்பர் வளையம் வைத்து அடைக்க ஆகும் செலவு மிகச் சொற்பம். ஆனால் அது கணக்கில் தனி வரியாக வராது. விளக்கு எரிகிறதா, சைரன் கத்துகிறதா என்று வண்டியை எடுக்க வருபவர் பார்ப்பார். அடைப்பு சரியா என்று குனிந்து பார்க்க மாட்டார். யாரும் பார்க்காத வேலைதான் முதலில் விட்டுப்போகும்.

தீர்வு இல்லாமல் இல்லை. விளக்கு, வயரிங் முதலியவற்றைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி, துளைகளையும் அங்கேயே போட்டுத் தரும் வசதியைக் கார் நிறுவனங்கள் தருகின்றன. விலை கூடுதல்தான். பட்டறைக்குத்தான் கொடுப்போம் என்றால், வேலை முடிந்ததும் புகைச் சோதனையும் மின்சாரச் சோதனையும் செய்து எழுத்தில் தர வேண்டும் என்று டெண்டரிலேயே ஒரு வரி சேர்க்கலாம். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வைக்கலாம். ஆஸ்டினில் அந்த அலாரம் ஒலித்ததால்தான் காரணம் தெரிவதற்கு முன்பே வண்டிகளை நிறுத்த முடிந்தது.

ஒரு ரோந்துக் காவலருக்குக் கார்தான் அலுவலகம். எட்டு மணி நேரம், சில நாள் அதற்கும் மேல் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். எதிரே வரும் குற்றவாளிக்குத் தயாராக இருக்க அவருக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் அடைக்காமல் விட்ட துளைக்கு எந்தப் பயிற்சியும் உதவாது. அதை அடைக்க வேண்டியவர் பட்டறையில் இருக்கிறார். அடைத்தாரா என்று பார்க்க வேண்டியவர் யார் என்பதை வண்டி வாங்கும் துறைதான் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.