இது என்ன கொம்பனி?

வீட்டில் செய்த அம்ப்ளிபயரை விற்கப் போனால் முதல் கேள்வி இதுதான்.

1947 ஏப்ரல், மே மாதங்களில் இங்கிலாந்தின் 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில், டி.டி.என். வில்லியம்சன் என்ற பொறியியலாளர் 15 வோட் வால்வ் அம்ப்ளிபயர் ஒன்றின் முழு விபரத்தையும் எழுதினார். ஒலிச் சிதைவு 0.1 சதவீதத்துக்கும் குறைவு! பல நாடுகளில் ஆட்கள் தாங்களே ஈயம் ஒட்டிச் செய்தார்கள்.

ஆனால் அதன் உயிர் வெளியீட்டு ட்ரான்ஸ்போமரில் இருந்தது. அதிலிருந்து வரும் ஒலிச் சமிக்ஞையில் ஒரு பங்கு ஆரம்பத்துக்கே திரும்பிப் போய்ப் பிழையைத் திருத்தும். ட்ரான்ஸ்போமர் மட்டமென்றால், திருத்தப் போனதே குழப்பமாகி அம்ப்ளிபயர் தானாகக் கத்தத் தொடங்கும்.

ஆகவே விஷயம் தெரிந்தவர் பழைய வில்லியம்சனை வாங்கும்போது பெட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பார். லண்டன் பார்ட்ரிட்ஜ் கொம்பனியின் ட்ரான்ஸ்போமர் என்றால் விலை ஏறும். செய்தவர் விழித்திருந்த இரவுகள் (என் பார்வையில் பெறுமதியே அதுதான்) கணக்கில் வராது. சிலர் பெட்டியையே பிரித்து ட்ரான்ஸ்போமரை மட்டும் தனியாக விற்றுவிடுகிறார்கள்.