செங்கோட்டைக் கோப்பு எந்த ஊரில் இருக்கிறது?

தென்காசி வரலாறு பற்றிக் கட்டுரை வந்தால் நான் முதலில் பார்ப்பது அடிக்குறிப்பைத்தான். 'கால்டுவெல், 1982' என்று இருக்கும். மனுஷர் 1891-லேயே காலமாகிவிட்டார்! அவருடைய திருநெல்வேலி வரலாறு 1881-ல் சென்னையில் வந்த நூல். 1982 டெல்லி மறுபதிப்பின் ஆண்டு. இரண்டையும் போடணும், பக்க எண் எந்தப் பதிப்புக்கு உரியது என்றும் சொல்லணும். எங்கள் தொழிலில் வெர்ஷன் எண் இல்லாத புகாரை அப்படியே திருப்பி விடுவோம்.

ஆவணம் என்றால் சிக்கல் இன்னும் பெரிசு. தென்காசிக்குப் பக்கத்து ஊர்தான் செங்கோட்டை. ஆனால் தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணத்தில் இருந்தன. செங்கோட்டையோ திருவிதாங்கூரில் இருந்து, 1956 நவம்பர் 1-ல்தான் இந்தப் பக்கம் வந்தது. ஆகவே குற்றாலம் பற்றிய பழைய அரசாணைக்கு எழும்பூர் காப்பகம், செங்கோட்டைக் கோப்புக்குத் திருவனந்தபுரம். 'அரசு ஆவணம், 1920' என்று மட்டும் எழுதினால், சரிபார்க்க நினைக்கிறவர் எந்த ரயிலில் ஏறுவார்? காப்பகம், துறை, ஆணை எண், தேதி நாலும் வேணும். துறையை விடவே கூடாது; ஒவ்வொரு துறைக்கும் எண் வரிசை தனி.

இடப்பெயரையும் ஆவணத்தில் உள்ளபடியே எழுதி, இன்றைய பெயரை அடைப்புக்குறிக்குள் தரலாம். தென்காசி மாவட்டமே 2019-ல் பிறந்தது. குற்றாலத்தை வெள்ளைக்காரர் 'கோர்ட்டாலம்' என்ற மாதிரி எழுதினார்கள். இப்போது குத்தாலம் என்று தேடினால் மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலம் வந்து நிற்கும்.