பித்தப்பையும் இன்னொரு ஜோடிக் கண்ணும்

நம்மில் பலர், பித்தப்பைக் கல் என்றால் வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் திறந்து பழகியவர்கள். கண் பார்க்காததை விரல் நுனி தடவிச் சொல்லிவிடும். லேப்ராஸ்கோப்பி வந்ததும் அந்த விரல் வெளியே நின்றுவிட்டது. மிச்சம் இருந்தது கண் ஒன்றுதான், அதுவும் டி.வி. திரையைப் பார்க்கும் கண்.

1985 செப்டம்பர் 12ஆம் தேதி, ஜெர்மனியில் போப்லிங்கன் என்ற ஊரில், எரிக் மியூகே முதன்முதலாகத் துளை வழியே பித்தப்பையை எடுத்தார். மறு வருஷம் ஜெர்மன் சர்ஜன்கள் மாநாட்டில் அதைச் சொன்னார், கேலிதான் கிடைத்தது. 1987ல் லியோனில் பிலிப் மூரே, 1988ல் பாரிஸில் துபுவா. 1989ல் அமெரிக்காவில் லூயிவில் நகரத்து மாநாட்டுக்குப் போர்டோவிலிருந்து போன ஜாக் பெரிஸாவுக்கு மேடையில் பேச இடமில்லை. மனுஷர் சளைக்கவில்லை. ஒரு பூத்தில் தன் ஆபரேஷன் வீடியோவை ஓடவிட்டார். கூட்டம் அங்கே போய் மொய்த்தது! 1990ல் பம்பாயில் டெஹம்டன் உத்வாடியா செய்ய, நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது.

வீடியோவால் பரவிய அந்த வேகத்துக்கு ஒரு விலையும் இருந்தது. திறந்து செய்த காலத்தில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டாக இருந்த பித்தநாளக் காயம், ஆரம்ப வருஷங்களில் ஐந்து வரைக்கும் ஏறியது. சிஸ்டிக் டக்ட் என்று நினைத்து காமன் பைல் டக்டில் கிளிப் போட்டுவிடுவார்கள். மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவர் மஞ்சள் காமாலை, சீழ், இன்னொரு பெரிய ஆபரேஷன் என்று வருஷக்கணக்கில் அலைவார்.

1995ல் ஸ்ட்ராஸ்பெர்க் ஒரு நிபந்தனை வைத்தார்: கொழுப்பை நீக்கி, பித்தப்பையின் அடிப்பாகத்தை ஈரலிலிருந்து பிரித்து, பைக்குள் போவது இரண்டே இரண்டு என்று கண்ணால் கண்ட பிறகுதான் கிளிப். 'கிரிட்டிக்கல் வியூ' என்று இன்றைக்கு எல்லோரும் சொல்வது இதைத்தான். 2003ல் லாரன்ஸ் வே குழுவினர் 252 காயங்களை அலசிப் பார்த்தார்கள். 97 சதவீதத்தில் மூல காரணம் கைத் தவறே இல்லையாம், கண் ஏமாந்ததுதான். வெட்டியவர் தான் வெட்டுவது சரியான குழாய் என்றே முழுசாக நம்பியிருக்கிறார். என்னைக் கேட்டால் இந்தச் சரித்திரத்தில் முக்கியமான வரி இதுதான். ஏமாந்த கண்ணுக்குத் தான் ஏமாந்தது எப்படித் தெரியும்? இன்னொரு கண் வேண்டும்.

அந்த இன்னொரு கண்ணாகத்தான் செயற்கை அறிவு வந்திருக்கிறது. பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர் நகரத்துக்காரர்கள் 13 சர்ஜன்கள் செய்த 80 பித்தப்பை வீடியோக்களைக் கொண்டு, 2016ல், எந்தக் கட்டம் நடக்கிறது, எந்தக் கருவி உள்ளே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுக் கொடுத்தார்கள். அடுத்து, கிரிட்டிக்கல் வியூ கிடைத்ததா என்று படத்தைப் பார்த்து மதிப்பிடவும் பழக்கினார்கள். டொரன்டோவில் அமின் மதானி குழு 37 நாடுகளின் 290 வீடியோக்களை வைத்து, போகலாம் என்ற இடத்துக்குப் பச்சை, தொடாதே என்ற இடத்துக்குச் சிவப்பு என்று திரையிலேயே வர்ணம் காட்டும்படி செய்தது.

சும்மா சொல்லக் கூடாது, பார்க்கப் பிரமிப்பாக இருக்கிறது. ஆனால் அந்தப் பச்சையும் சிவப்பும் அனுபவசாலிகள் படத்தில் கோடு போட்டுக் கொடுத்த அபிப்பிராயம்தானே? சுலபமான பையில் யாருக்கும் துணை வேண்டாம். அழுகி, ஒட்டி, ரத்தம் கசிந்து, புகை மூடிய பையில்தான் வேண்டும். யந்திரத்துக்கும் அங்கேதான் திணறல். காயம் அபூர்வமாக நடப்பது என்பதால், அது குறைந்தது என்று நிரூபிக்கவே பல ஆயிரம் நோயாளிகள் தேவைப்படும்.

இன்னொன்று. 'இங்கே தெளிவில்லை' என்று திரை எச்சரித்தால் பிறகு என்ன செய்வது? பையில் பாதியை விட்டுவிட்டு வரவேண்டும், அல்லது வயிற்றைத் திறக்க வேண்டும். திறந்து செய்யும் பித்தப்பை ஆபரேஷனை ஐந்து தடவைகூடப் பார்க்காமல் எம்.எஸ். முடிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ரீயூனியனுக்கு மறுநாள் காலை அவர்களை உட்கார வைத்து ஒரு வகுப்பு எடுக்க, நம் பேட்ச்சில் இன்னும் நாலு பேராவது தேறுவோம்.