ஈரானின் தேர்தலும் இஸ்திஸ்வாபும்

வக்ஃபைப் பற்றிய ஃபிக்ஹுப் பாடங்களை ஓதியவர்கள் முதவல்லி, நாழிர் என்னும் இரு சொற்களை அறிவர். ஈரானிய வழக்கில் வக்ஃபுச் சொத்தை நிர்வகிப்பவர் முதவல்லி. அவரைக் கண்காணிப்பவர் நாழிர். இந்த நாழிரும் இரு வகையினர் என்று அந்நாட்டுச் சட்ட அறிஞர்கள் கூறுவர். முதல் வகையினருக்கு முதவல்லி தம் செயலைத் தெரிவித்துவிட்டால் போதும். இரண்டாம் வகையினர் ஒப்பாதவரை முதவல்லி செய்தது செல்லாது. இந்த இரண்டாவது கண்காணிப்பிற்கே இஸ்திஸ்வாப் என்று பெயர். ஒன்றைச் சரியெனக் காண்பது என்பது இதன் பொருள். நாம் நற்கூலிக்கு வழங்கும் ஸவாப் வேறு. ஸாத் என்னும் எழுத்தால் எழுதப்படும் இந்த ஸவாப் வேறு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோல் தோன்றுவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வக்ஃபுப் பாடத்தில் வழங்கும் இச்சொல் ஈரானின் தேர்தல் வரலாற்றில் நுழைந்து அதன் போக்கையே மாற்றிய விதத்தை ஈண்டு காண்போம்.

மன்னரின் அதிகாரத்திற்கு வரம்பு கட்ட வேண்டுமென்று ஈரானியர் கிளர்ந்து, 1906இல் மஜ்லிஸ் என்னும் பாராளுமன்றத்தைப் பெற்றனர். மஜ்லிஸ் இயற்றும் சட்டங்கள் ஷரீஅத்திற்கு மாறானவையா என்று பார்க்க ஐந்து முஜ்தஹிதுகள் அமர வேண்டுமென 1907ஆம் ஆண்டின் துணைச் சட்டம் விதித்தது. அந்த ஏற்பாடு நடைமுறையில் நிலைபெறவில்லை. எனினும் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: அந்த ஐவர் பார்க்க வேண்டியது சட்டங்களைத்தான். யார் தேர்தலில் நிற்கலாம் என்னும் கேள்வி அவர்களிடம் ஒப்படைக்கப்படவில்லை.

1979 புரட்சிக்குப் பின், மறைந்திருக்கும் இமாமின் இடத்தில் நின்று நீதியுள்ள ஃபகீஹ் ஒருவர் ஆட்சியை வழிநடத்துவார் என்னும் இமாம் குமைனியின் கொள்கை அரசியல் சட்டமாயிற்று. அதே சட்டத்தின் ஆறாவது பிரிவு, நாட்டுக் காரியங்கள் மக்களின் கருத்தை ஆதாரமாகக் கொண்டு தேர்தல் வழியே நடக்க வேண்டும் என்றும் கூறிற்று. இரண்டுக்கும் இடையில் பன்னிரண்டு பேர் கொண்ட காவலர் மன்றம் நிறுவப்பட்டது. அறுவர் தலைவர் நியமிக்கும் ஃபகீஹ்கள். ஏனைய அறுவர் நீதித்துறைத் தலைவர் முன்மொழிய, மஜ்லிஸ் தேர்ந்தெடுக்கும் சட்ட வல்லுநர்கள். இம்மன்றம் தேர்தல்களைக் கண்காணிக்கும் என்று 99ஆவது பிரிவு சொல்லிற்று. நழாரத் என்னும் ஒற்றைச் சொல்லே அங்கு இருந்தது. எவ்வகை நழாரத் என்று விளக்கப்படவில்லை. அச்சட்டத்தை வகுத்த சபைக்குத் தலைமை வகித்த ஆயத்துல்லாஹ் முன்தழிரி, தேர்தலில் அரசாங்கம் கைவைக்காமல் தடுப்பதே அப்பிரிவின் நோக்கம் என்று பிற்காலத்தில் எடுத்துரைத்தார். ஷாவின் காலத்துத் தேர்தல்களைக் கண்டவர்களுக்கு அந்த அச்சம் இயல்பானதே.

1991இல் காவலர் மன்றம் தன் அதிகாரத்திற்குத் தானே விளக்கம் தந்தது. தன் கண்காணிப்பு இஸ்திஸ்வாப் வகையைச் சேர்ந்தது. வேட்பாளரை ஏற்பதும் தள்ளுவதும் அதில் அடங்கும் என்றது. வாக்களிக்கும் மக்கள் முதவல்லியானார்கள். மன்றம், அதன் ஒப்புதலின்றி எதுவும் செல்லாத நாழிராயிற்று. நம் மஹல்லா ஜமாஅத் தேர்தல்களில் நிற்பவர்களின் பட்டியலைப் பழைய நிர்வாகமே வடிகட்டினால் என்ன ஆகும் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வளவு இருந்தும் 1997இல் எதிர்பாராதது நிகழ்ந்தது. மனுச் செய்த 238 பேரில் மன்றம் நால்வரை மட்டுமே ஏற்றது. அந்நால்வரில் ஒருவர் தேசிய நூலகத்தின் தலைவராயிருந்த செய்யிது முஹம்மது காத்தமி. ஏறத்தாழ இரண்டு கோடி வாக்குகள், அதாவது பதிவானவற்றில் நூற்றுக்கு எழுபது அளவில், அவருக்கு விழுந்தன. சட்டத்தின் ஆட்சி, குடிமைச் சமுதாயம் என்பன அவருடைய முழக்கங்கள். அவ்வாண்டு டிசம்பரில் தெஹ்ரானில் கூடிய இஸ்லாமிய நாடுகளின் மாநாட்டில், தாம் விரும்பும் சமுதாயத்தின் வேர் மதீனத்துன் நபியில் இருக்கிறது என்று அவர் பேசியது அரபு கற்ற எவரையும் நிமிர்ந்து உட்காரச் செய்யும்.

2000 பிப்ரவரியில் மஜ்லிஸும் சீர்திருத்தவாதிகள் வசமாயிற்று. ஏப்ரலில் பத்துக்கும் மேற்பட்ட பத்திரிகைகள் மூடப்பட்டன. பத்திரிகைச் சட்டத்தைத் திருத்த மஜ்லிஸ் முனைந்தபோது, தலைவர் காமனெயியின் கடிதத்தைச் சபாநாயகர் மஹ்தி கர்ரூபி ஆகஸ்டில் வாசித்தார். விவாதம் அத்துடன் நின்றது. 2001இல் காத்தமி மேலும் பெரிய ஆதரவுடன் மீண்டும் வென்றார். மறு ஆண்டு அவர் இரு மசோதாக்களைக் கொண்டுவந்தார். ஒன்று ஜனாதிபதியின் அதிகாரத்தைத் தெளிவாக்குவது. மற்றது இஸ்திஸ்வாபைக் குறைப்பது. மஜ்லிஸ் இரண்டையும் நிறைவேற்றியது. எந்த மன்றத்தின் அதிகாரத்தைக் குறைக்க முனைந்தார்களோ அதே மன்றத்தின் ஒப்புதலுக்கே அவை சென்றன. 2003இல் தள்ளப்பட்டன.

மன்திக் கலையில் தவ்ர் என்று ஒன்று உண்டு. ஒன்று மற்றொன்றைச் சார்ந்திருக்க, அம்மற்றொன்று முதலாவதையே சார்ந்திருத்தல். வாதத்தில் அது பாத்தில் என்று தள்ளப்படும். ஈரானிலோ தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நிபுணர் சபையின் வேட்பாளர்களை ஏற்பதும் காவலர் மன்றமே. அம்மன்றத்தின் ஃபகீஹ்களை நியமிப்பவர் தலைவர்.

2004 மஜ்லிஸ் தேர்தலில் 2,000க்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் தள்ளப்பட்டனர். அப்போது பதவியிலிருந்த உறுப்பினர்கள் ஏறத்தாழ எண்பது பேரும், ஜனாதிபதியின் சொந்தத் தம்பியும் அவர்களுள் அடங்குவர். உறுப்பினர்கள் மஜ்லிஸுக்குள்ளேயே வாரக்கணக்கில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். காத்தமியோ தேர்தலை நடத்திக் கொடுத்தார். அவரைக் கோழை என்று ஏசியவர்கள் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. சட்டத்தின் பெயரால் வாக்குக் கேட்டவர் சட்டத்தை மீறி எங்கே போவார்? ஆனால் அச்சட்டத்தின் பொருளைச் சொல்லும் உரிமை பிறர் கையில் இருந்ததை அவர் காலங்கடந்தே எதிர்த்தார் என்பதும் உண்மை.

2009இல் மீர் ஹுசைன் மூஸவியின் ஆதரவாளர்கள் வாக்கு எண்ணிக்கையை நம்பாமல் வீதிக்கு வந்ததையும், 2011இல் மூஸவியும் கர்ரூபியும் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டதையும் பலரும் அறிவர். 2021 ஜனாதிபதித் தேர்தலில் வாக்களித்தோர் நூற்றுக்கு 49க்கும் குறைந்தனர். அத்தேர்தலில் நிற்க மனுச் செய்து தள்ளப்பட்டவர்களில் மருத்துவர் மஸ்ஊத் பஸஷ்கியானும் ஒருவர். 2024இல் அதே மன்றம் அவரை ஏற்றது. முதற்சுற்றில் வாக்களித்தோர் நூற்றுக்கு நாற்பது அளவிலேயே இருந்தனர். ஜூலை 5ஆம் நாள் நடந்த இரண்டாம் சுற்றில், மூன்றாண்டுகளுக்கு முன் தகுதியற்றவர் எனப்பட்ட அவர், ஒரு கோடியே அறுபது லட்சத்திற்கும் அதிகமான வாக்குகள் பெற்று ஜனாதிபதியானார்.